கயிற்றின் மேல்முனையில் நான்

என் கணவருக்கு மூச்சு அதிகம். கல்யாணத்துக்கு முன்பே இதை ஊரார் வாயால் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப் போயிருந்தது. அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் பக்கத்துக் கிராமங்களில் சடுகுடு என்றால் அவர்தான். தென்னேரி ஏரி வற்றிப்போன ஒரு கோடையில் ஏரிக்குள்ளேயே கோடு கிழித்து ஆடினார்களாம். எதிரணிக்குள் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய், மூன்று பேரைத் தொட்டுவிட்டு, திரும்புகிற வழியில் நின்று மீசையையும் தடவிக்கொண்டு வந்தாராம். அவர் என் அத்தை மகன். பெண் கேட்டு வந்த அத்தை, நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையின் மூச்சைப் பற்றித்தான் பேசினார். மூச்சை வைத்துக்கொண்டு என்ன குடித்தனம் நடத்துவது என்று நான் அம்மாவிடம் முணுமுணுத்தேன்.

நான் காஞ்சிபுரத்தில் வளர்ந்தவள். அப்பாவும் பயிர்க்காரக் குடும்பம்தான். நிலம் போதாமல் டவுனுக்கு வந்து கூலித் தறியில் உட்கார்ந்தவர். கோர்வைச் சேலையில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரு பக்கத்துக் கரைக்கு, ஊடை என்கிற குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ள, நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். அப்பாவின் கை அசைந்ததும் என் நாடா போக வேண்டும். முந்தினாலும் திட்டு, பிந்தினாலும் திட்டு. இன்னொருவர் கையையே பார்த்துக்கொண்டு, பேசாமல், கண் அசராமல் உட்கார்ந்திருக்க அங்கேதான் பழகினேன். கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டதும் அந்தப் பழக்கத்தால் ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்லை என்று தோன்றியது. எனக்கு நாற்று நடத் தெரியாது, நீச்சல் தெரியாது, மாட்டைக் கண்டால் பயம்.

நான் போன சமயத்தில்தான் அங்கே கிணறுகளுக்குக் கரண்டு மோட்டார் வந்துகொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். ஆனால் அதிலும் ஒரு தொல்லை உண்டு. குழாயின் அடிமுனையில், தண்ணீருக்குள்ளே, சல்லடை வைத்த இரும்புக் கூடு ஒன்று மாட்டியிருப்பார்கள். ஃபுட் வால்வு என்று பெயர். அதற்குள் இருக்கும் மூடி தண்ணீரை மேலே ஏறவிடும், கீழே இறங்கவிடாது. ஒரு கந்தலோ, இலைக் கொத்தோ அந்த மூடியில் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. மோட்டார் கத்தும், தண்ணீர் வராது. மூடியின் இடுக்கு அடைபடட்டும் என்று சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் யாராவது கிணற்றின் அடிவரை முங்கிப் போய்க் கையால் எடுத்துவிட வேண்டும்.

ஊரில் நீச்சல் தெரியாதவர் என்னைத் தவிர யாரும் இல்லை. ஆனால் அடியில் போய் வேலை செய்ய நீச்சல் போதாது, தம் வேண்டும். தம் என்றாலே எங்கள் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் வந்து நிற்கும்.

"அண்ணன் இருக்குதா அண்ணி? மோட்டாரு கத்திக்கினே இருக்குது, தண்ணி வர்ல."

இவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகிறவர் மாதிரி கிளம்புவார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தப் பெருமை ஒரு சாவு வீட்டில் கரைந்தது. பக்கத்து ஊரில் இவரைப் போலவே மூச்சுக்குப் பேர் போன ஒருவர், காலையில் தன் கிணற்றில் வால்வைப் பார்க்க முங்கியிருக்கிறார். தம்பி மேலே சுவிட்சுக்குப் பக்கத்தில், "போடு" என்ற குரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறான். குரல் வரவில்லை. வேறு யாராவது முங்கியிருந்தால் உடனே குதித்திருப்பான். அண்ணனுக்கு மூச்சு அதிகம், வந்துவிடுவார் என்று நின்றான். பிறகு குதித்தபோது ஒன்றும் மிச்சமில்லை.

நாங்கள் போனபோது அந்தத் தம்பி தலையில் அடித்துக்கொண்டு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். "மூச்சு அதிகம்னு நின்னுட்டேனே... மூச்சு அதிகம்னு நின்னுட்டேனே..."

என் வீட்டுக்காரருக்கும் இதே பேர்தானே. அவர் மேலே வராமல் போனாலும் ஊர் இதையே சொல்லிக்கொண்டு கரையில் நிற்கும். வீட்டுக்கு வந்ததும், "இனிமே நீ கெணத்துல எறங்காத மாமா" என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அந்தாளு கத வேற, என் கத வேற" என்றார். செத்தவரும் உயிரோடு இருந்தபோது இதைத்தான் சொல்லியிருப்பார் என்று நான் கத்தினேன்.

கொஞ்ச நாளில் எங்கள் கிணற்றிலேயே வால்வு அடைத்துக்கொண்டது. இவருக்கும் கொழுந்தனாருக்கும் நான் கூழ் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இவர் கிணற்றுப் படியில் நின்று உஸ் உஸ் என்று வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டார். சடுகுடுவில் கோட்டைத் தாண்டுவதற்கு முன் செய்கிற வேலை அது. எதிரிக்குக் கிலி பிடிக்கும், தனக்கும் மூச்சு சேரும் என்பது அவர் கணக்கு. அதே கணக்கைக் கிணற்றுக்கும் கொண்டுவந்துவிட்டார். முங்கினார், வந்தார். கையில் ஒரு கந்தல். எங்களைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது முகம் மாறி, தலை தண்ணீருக்குள் போனது.

படியில் நின்ற என் கொழுந்தனார் எட்டி முடியைப் பிடித்து இழுத்துப் படியில் போட்டார். இரண்டு தட்டுத் தட்டியதும் கண் திறந்தது.

"இன்னாடா, முடிய புடிச்சி இழுக்கற?" என்று தம்பியிடம் சிடுசிடுத்தார்.

நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சிரித்ததுகூடத் தெரியாது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அன்று மத்தியானமே பஸ் ஏற்றி டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் அப்பா வீட்டுத் தெருமுனையில் ஒரு டாக்டர் இருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார்.

"வேகவேகமா இழுத்து விட்டா மூச்சு ஒண்ணும் அதிகமா சேந்துடாதுப்பா. மூச்சு முட்டுதுன்னு உடம்பு சொல்லுமே, அந்த எச்சரிக்கைதான் காணாமப் போயிடும். உனக்கு முட்டவே முட்டாது. சுகமா இருக்கும். அப்படியே நினைவு தப்பிடும்."

"ஆமா சார். சொகமாத்தான் இருந்துது" என்றார் இவர்.

டாக்டர் இந்த வேலையை விட்டுவிடுவதே நல்லது என்றார். விட முடியாது என்றால் தனியாக ஒருநாளும் இறங்கக் கூடாது, மேலே வந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மயக்கம் அப்போதும் வரும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் வழி நெடுகச் சண்டை. ஊர்ப் பயிரெல்லாம் காயும்போது வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது என்று அவர். தாலியைக் கழற்றி உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்று நான். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. தம் கட்டுவதை முதலிலிருந்து ஒழுங்காகக் கற்றுக்கொள்ளும்வரை அவர் இறங்க மாட்டார். அதற்குப் பிறகு இறங்கினால், இடுப்பில் கயிறு கட்டி, மேல்முனையை நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீரில் குதிக்கத் தயாராகக் கொழுந்தனார் படியில் நிற்க வேண்டும்.

"நீச்சலே தெரியாதவ, நீ மேல நின்னு இன்னா பண்ணுவ?"

"பாத்துக்கினு இருப்பேன். அது எனக்குத் தெரியும்."

பயிற்சி தண்ணீரில் ஆரம்பிக்கவில்லை, தரையில் ஆரம்பித்தது. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுப்பார். சாப்பாட்டுக்கு முன்னால்தான். வயிறு ஏறி இறங்க, மெல்ல மெல்ல மூச்சு விடுவார். உடம்பு அடங்கியதும் நிறைவாக ஒரு மூச்சு இழுத்துத் தம் கட்டுவார். தறியில் ஊடை எண்ணுவது போல நான் மனசுக்குள் எண்ணுவேன். முதல் நாள் கூத்தைச் சொல்லி மாளாது. பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைத்து, முகம் செக்கச் சிவந்து, கொஞ்ச நேரத்திலேயே புஸ்ஸென்று விட்டுவிட்டார். விளையாட்டாக நானும் படுத்துத் தம் கட்டினேன். அவரைவிட அதிகமாகத் தாங்கினேன். மூன்று பேரைத் தொட்டுவிட்டு மீசை தடவிய மனிதர் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் அவரேதான் கேட்டார். "நீ எப்டி தாங்கன?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்? சும்மா கிடந்தேன், அவ்வளவுதான். இரண்டு பேரும் யோசித்தோம். சடுகுடுவில் உடம்பு முழுக்க முறுக்கு. தண்ணீருக்குள் அந்த முறுக்கே மூச்சைத் தின்றுவிடுகிறது. அதனால் அவர் தம் கட்டிப் படுத்திருக்கும்போது எந்த இடம் இறுகியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை ஒரு விரலால் தொடுவேன். புருவம், தாடை, தோள், கால் கட்டைவிரல். தொட்ட இடம் தளரும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த மனிதரின் உடம்பை நான் உண்மையில் பார்த்தது அப்போதுதான் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும்.

எங்களுக்குள் சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டோம். தம் கட்டியிருக்கும்போது வயிறு தானாக உள்ளே ஒரு துள்ளுத் துள்ளும். உடம்பு கூப்பிடுகிறது என்று அர்த்தம். துள்ளியதும் விட்டுவிட வேண்டும், வீம்பு கூடாது. விட்டபின் தம் கட்டியதைப் போல இரண்டு பங்கு நேரம் இளைப்பாற வேண்டும். ஒரு நாள் பழகினால் ஒரு நாள் ஓய்வு. சளி பிடித்தால் கிடையாது. உஸ் உஸ் என்ற அந்த வேக மூச்சு எந்தக் காலத்திலும் கிடையாது. என்னோடு போட்டியும் கிடையாது. போட்டி என்று வந்துவிட்டால் அவர் துள்ளலை மறைப்பார் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் தம் கட்டுவதை அதோடு நிறுத்திக்கொண்டேன். இவ்வளவையும் அவர் கேட்டார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். சொன்ன பேச்சைக் கேட்டே பழக்கமில்லாத ஆள். மாதங்கள் போகப் போக அந்தத் துள்ளல் தானாகவே தள்ளித் தள்ளி வர ஆரம்பித்தது. முகத்தில் முறுக்கே இல்லை. தூங்குகிறாரோ என்று சில சமயம் சந்தேகம் வரும்.

பிறகு தண்ணீர். முதலில் கழுத்தளவில், கொழுந்தனார் பக்கத்திலேயே. அப்புறம்தான் ஆழம். நான் மேலே கயிற்றோடு. மெல்ல ஒரு சுண்டு சுண்டினால் அவர் கீழிருந்து ஒரு சுண்டு திருப்பித் தர வேண்டும். திருப்பி வரவில்லை என்றால் நான் யோசிக்கவே கூடாது, இழுக்க வேண்டும். இழுப்பு வந்துவிட்டால் அவரும் யோசிக்கக் கூடாது, எது எப்படிக் கிடந்தாலும் போட்டுவிட்டு வர வேண்டும். அப்படி இழுத்து வந்த நாளில் மறுபடி முங்குவது இல்லை. மேலே வந்து மூச்சு வாங்கியதும் நான் ஒரு கேள்வி கேட்பேன்.

"இன்னிக்கி இன்னா கொழம்பு?"

சரியாகச் சொன்னால் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். "கத்திரிக்கா கருவாடு" என்பார் மூச்சு வாங்கிக்கொண்டே. சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்.

ஊர் சும்மா விடுமா? பெண்டாட்டி கயிறு கட்டி இறக்குகிறாள் என்று சிரித்தார்கள். மூக்கணாங்கயிறு எங்கே என்று கேட்டார்கள். டீக்கடையில் அவர் தலையைக் கண்டாலே, "இன்னாபா, இன்னிக்கி இன்னா கொழம்பு?" என்று நாலு பேர் ஒன்றாகக் குரல் கொடுப்பார்கள். ஊரெல்லாம் வாய் பிளந்து பார்த்த மனிதர் அவர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் டீயைக் குடித்துவிட்டு வருவார். கேலி தாங்காமல் கயிற்றைத் தூக்கி எறிந்துவிடுவாரோ என்று நான் ஒவ்வொரு நாளும் பயந்தேன். எறியவில்லை. யார் கிணற்றுக்குக் கூப்பிட்டாலும், "அவளும் வருவா, தம்பியும் வருவான். சரின்னா சொல்லு, வரோம்" என்று மூன்று பேராகத்தான் போனார்.

ஒரு கோடையில் ஊர்த் தலைவர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஆள் வந்தது. நெல் பால் பிடிக்கிற நேரம். அங்கே வால்வு அடைக்கவில்லை, கழன்றே விழுந்துவிட்டது. அடியில் சேற்றில் எங்கேயோ கிடக்கிறது. அதைத் தேடி, இன்னொரு கயிற்றில் கட்டிவிட்டு வர வேண்டும். எங்களுக்குப் பழக்கமில்லாத கிணறு, பெரிய கிணறு. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் அரசியலில் தலை தூக்கிக்கொண்டிருந்தவர், அவரைச் சுற்றி எப்போதும் கூட்டம். அன்று கிணற்றைச் சுற்றியும் கூட்டம்.

முதல் தடவை முங்கி, ஒன்றும் கிடைக்காமல் வந்தார். நன்றாக இளைப்பாறினார். இரண்டாம் தடவையும் வெறுங்கை. கூட்டத்தில் யாரோ குழம்பு என்ன என்று கத்தினார்கள், எல்லாரும் சிரித்தார்கள். இன்னும் அதிக நேரம் இளைப்பாறிவிட்டு மூன்றாம் தடவை போனார். நான் கயிற்றைச் சுண்டினேன். பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி சுண்டினேன். பதில் இல்லை.

"இருக்கட்டும்மா, அவனுக்கு மூச்சு அதிகம்" என்றார் தலைவர்.

எனக்கு அந்தச் சாவு வீட்டுத் தம்பியின் குரல் காதில் விழுந்தது. இழுத்தேன். கொழுந்தனாரும் சேர்ந்து இழுத்தார். இவர் தலை மேலே வந்தது. மூச்சு வாங்கினார். கேட்டேன். "மொளகாச் சாறு" என்றார், தெளிவாக. அன்று வீட்டில் அந்த ரசம்தான். கை வெறுமையாக இருந்தது.

"நல்லாத்தான கீறான்! இன்னும் ஒரு வாட்டி போய்ட்டு வாபா" என்றார் தலைவர்.

"இல்லீங்க. இழுத்தா அன்னிக்கி அவ்ளோதான். காலைல வரோம்."

"காலைலயா? பயிரு காயுது, நீ நாளு பாக்கறியா? பொம்பள இழுத்தா வந்துடுவியா? அவ்ளோதானா உன் மூச்சு?"

கூட்டம் ஓ என்று சிரித்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். இவர் என் கையைத் தொட்டு வேண்டாம் என்றார். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, பிழிந்து, சுற்றி என் கையில் கொடுத்தார். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டார். "காலைல வரோம்" என்று மறுபடி அதே குரலில் சொல்லிவிட்டு வரப்பில் நடந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். மீசை தடவிய கதையைக் கேட்டபோது வராத மரியாதை, அந்த முதுகைப் பார்த்து வந்தது.

மறுநாள் காலையில் போனோம். அமைதியாகப் படியில் உட்கார்ந்து மூச்சை அடக்கினார், ஒரே முங்கு. வால்வு கயிற்றில் கட்டுண்டு மேலே வந்தது. தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஒரு வாழைத்தாரை வெட்டி எங்கள் சைக்கிளில் கட்டிவிட்டார். ஆனால் ஊரில் முதல் நாள் கதைதான் நின்றது. பெண்டாட்டி இழுத்ததும் வெறுங்கையோடு வந்துவிட்டான் என்று வெகுநாள் பேசினார்கள். நான் அவசரப்பட்டுவிட்டேனோ என்று எனக்கும் ஒரு உறுத்தல் இருந்தது. கேட்டால், "சரியாத்தான் இழுத்த" என்று மட்டும் சொல்வார்.

எழுபதுகளின் பின்பாதியில் அவருக்குக் காதில் சீழ் வைத்தது. முங்கவே கூடாது என்று அதே டாக்டர் சொல்லிவிட்டார். இவர் மறுபேச்சு பேசவில்லை. அந்தக் கயிற்றைக் கன்றுக்குட்டி கட்ட எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு சாயங்காலம் கேட்டேன். எடுத்துக்கோ என்றார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போல, "அன்னிக்கி தலைவரு கெணத்துல வால்வு என் கையில இருந்துது" என்றார்.

"வெறுங்கையோடதான மாமா வந்த?" என்றேன்.

"கல்லு இடுக்குல மாட்டிக்கினு இருந்துது. ரெண்டு கையாலயும் பெயர்த்து எடுத்துட்டேன். அதான் கயித்த சுண்ட முடியல. கட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போ நீ இழுத்த. வுட்டுட்டேன்."

ஊர் சிரித்த சிரிப்பெல்லாம், டீக்கடைப் பேச்செல்லாம், அத்தனை வருஷமும் என் கண் முன்னால் வந்தது. "அப்பவே ஏன் மாமா சொல்லல? அவங்க கிட்ட வேணாம், என் கிட்டயாவது சொல்லி இருக்கலாமே" என்று கேட்டேன்.

"சொல்லி இருந்தா அடுத்த வாட்டி இழுக்கறதுக்கு உனுக்கு கை வந்திருக்காது" என்றார்.